ஐம்பது எண்ணுவதற்குள்

மலாயாவில், கிள்ளானுக்கு வடக்கே, ஐந்தாறு ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரி நடத்திவந்தன. பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக நீளமான கட்டடம். அதன் ஒரு கோடியில் மட்டும் சிமெண்டுத் தரையும் பெரிய கண்ணாடி ஜன்னலும் வைத்த ஓர் அறை. அதுதான் ஆப்பரேஷன் அறை. செவ்வாயும் வெள்ளியும் கிள்ளானிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் மோட்டாரில் வருவார். வெட்ட வேண்டியதைக் காலை வெளிச்சத்திலேயே வெட்டித் தைத்துவிட்டுப் போய்விடுவார்.

மாரியாயி அங்கே ஆயா. பதினெட்டு வயதில் புருஷனோடு கப்பலேறி வந்தவள். மூன்றாம் வருஷமே காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதே காய்ச்சலோடு அவளையும் கட்டை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பிழைத்துக்கொண்டவள், தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் வார்டைப் பெருக்கினாள். அப்புறம் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

ஆறு வருஷம் கழித்து ஆப்பரேஷன் அறைக்கும் அவளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே அவளுக்கு ஒரே வேலைதான். மேசையில் படுத்திருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு ஒன்றாக எண்ணச் சொல்ல வேண்டும். கம்பிச் சட்டத்தில் துணி போர்த்திய ஒரு மூடியை டாக்டருக்கு உதவியாளரான டிரெஸ்ஸர் கார்த்திகேசு மூக்கின்மேல் வைத்து, அதில் குளோரோபாமைச் சொட்டுச் சொட்டாக விடுவார். படுத்திருப்பவர் "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பிப்பார். இருபது வரை ஒழுங்காக வரும். முப்பதில் நாக்கு தடிக்கும். பிறகு எண்கள் முன்னும் பின்னுமாகப் புரளும். பன்னிரண்டு வருஷத்தில் ஐம்பதைத் தொட்ட ஒருவரையும் அவள் பார்த்ததில்லை.

தெளிந்து எழுகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, வலிக்கிறதா என்பது அல்ல.

"எங்க போயிட்டு வந்த? என்ன பாத்த?"

ஒருவன் கடல் சத்தம் கேட்டதாகச் சொன்னான். ஒருத்தி காதுக்குள்ளே ரயில் ஓடியது என்றாள். மற்ற எல்லாரும் "ஒண்ணுமில்ல ஆயா, தூங்கிட்டேன்" என்பார்கள். அந்தப் பதில் மாரியாயிக்குப் போதவில்லை. தூங்குகிறவனைத் தொட்டால் புரண்டு படுப்பான். இவர்கள் தொடையை அறுத்தாலும் அசைவதில்லை. இது எப்படித் தூக்கமாகும்? அந்த நேரத்தில் ஆள் எங்கேதான் போகிறான்? நூற்றுக்கணக்கான தடவை பக்கத்தில் நின்றும் அவளுக்கு அது பிடிபடவில்லை.

முழுக்க மயங்குவதற்கு முன்னும் தெளியும்போதும் சிலர் பேசுவார்கள். பேச்சென்றால் மனத்தின் அடியில் கிடப்பதெல்லாம் வரும். ஒரு கங்காணி தன் தோட்டத்துத் துரையை அசிங்க அசிங்கமாகத் திட்டிக்கொண்டிருந்தபோது, அதே துரை அவனைப் பார்க்கப் பழக்கூடையோடு வராந்தாவில் ஏறிவிட்டார். மாரியாயி ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, "காய்ச்சல்ல ஒளர்றான் தொரை, கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்" என்று திருப்பி அனுப்பினாள். அந்த அறையில் காதில் விழுந்ததை அவள் ஒரு நாளும் வெளியே சொன்னதில்லை. கேட்ட இடத்திலேயே போட்டுப் பூட்டிவிடுவாள். அவள் மேல் ஜனங்களுக்கு இருந்த மரியாதையில் பாதி அதனால் வந்ததுதான்.

அந்த மேசையில் ஒரே ஒருவன்தான் திரும்பி வரவில்லை. பெயர் கன்னையா, இருபத்திரண்டு வயது. ரப்பர் பிழியும் உருளையில் சிக்கி நசுங்கிய விரல் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சின்ன வேலை. பயலுக்குப் பயம், உடம்பெல்லாம் நடுங்கியது. இருபத்தெட்டு வரை எண்ணினான். இருபத்தொன்பது வரவில்லை, மூச்சும் வரவில்லை. டாக்டர் அரைமணி நேரம் அவன் மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார். மாரியாயி பிடித்த கையை விடாமல் நின்றாள். அதற்குப் பிறகு கார்த்திகேசுவும் அவளும் கன்னையாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நான்கு வருஷம் ஓடியது. 1926ஆம் வருஷம் அவளுடைய முப்பத்தெட்டாவது வயதில், மாரியாயியின் அடிவயிற்றில் ஒரு கட்டி வளர்ந்தது.

முதலில் எலுமிச்சம்பழம் போல் இருந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. பிறகு மாம்பழம் ஆயிற்று. சேலையை உயர்த்திக் கட்டினாள். வருஷம் திரும்புவதற்குள் ஆறு மாத வயிறு போலத் தெரிய ஆரம்பித்தது. புருஷன் இல்லாதவளுக்கு வயிறு வந்தால் தோட்டத்தில் என்ன பேசுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. கூட வேலை பார்த்த இன்னொரு ஆயா தனலெட்சுமி கெட்டவள் அல்ல, ஆனால் வாயில் எதுவும் தங்காது. அவளே ஒரு நாள், "யாருன்னு மட்டும் சொல்லுக்கா, நான் வெளிய சொல்லமாட்டேன்" என்று காதோரம் கேட்டுவிட்டாள்.

அன்று மாலையே மாரியாயி மருந்தறைக்குப் போய்க் கார்த்திகேசுவின் முன்னால் நின்றாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, வட்டக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"இதை எத்தினை மாசமா மறைச்சு வைச்சிருக்கிறீர்?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆவுது அய்யா."

"விசர் வேலை. ஆஸ்பத்திரிக்குள்ளை இருந்துகொண்டே ஒளிச்சு வைச்சனீரே!"

வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்தார். தோட்டத் தமிழிலேயே சொன்னார்: "மாரியாயி, இது வெட்டணும். விட்டா இன்னும் பெரிசா வரும், உள்ளே முறுக்கிக்கும், செத்துப்போவே." கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "அங்கே போனாலும் சரி, இங்கே நானே செஞ்சாலும் சரி. ஆனா சீக்கிரம்."

கத்திக்கு அவள் பயப்படவில்லை. வெட்டுவதையும் தைப்பதையும் பார்த்துப் பார்த்து அது அவளுக்குத் துணி தைக்கிற மாதிரி ஆகிவிட்டது. மூக்கின்மேல் வைக்கும் அந்தத் துணி மூடிக்குத்தான் பயந்தாள். அந்தத் துணியைத் துவைத்துக் காயப்போடுவதே அவள்தான். கொடியில் காய்வதைப் பார்த்தாலே இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பயம் இரண்டு வகையாக இருந்தது. கன்னையாவைப் போல எழுந்திருக்காமலே போய்விடுவோமோ என்பது ஒன்று. இரண்டாவதை யாரிடமும் சொல்லவே வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக எத்தனை பேருடைய ரகசியங்களை உள்ளே வைத்திருக்கிறாள்! மருந்து ஏறினால் வாய்க்கு மூடி கிடையாது. அவளுடைய சொந்த ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர்களுடையது எல்லாம் வரிசையாக வெளியே கொட்டினால்? அப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது யார்? தனலெட்சுமி!

அந்த வகையில் கோலாலம்பூர்தான் நல்லது. அங்கே என்ன உளறினாலும் யாருக்கும் யாரையும் தெரியாது. கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு புதன்கிழமை கிள்ளானில் ரயில் ஏறினாள். கோலாலம்பூரில் இறங்கி ரிக்‌ஷா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கும் போய்விட்டாள். காவலுக்கு நின்ற பஞ்சாபிக்காரரிடம், தெரிந்த மலாயில், "இங்கே மயக்க மருந்து கொடுப்பது யார்?" என்று கேட்டாள்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "தா தாவு" என்றார். தெரியாது.

எத்தனை பேர் கொடுப்பார்கள், எப்படிப்பட்டவர்கள், அவர்கள் கையில் யாராவது செத்திருக்கிறார்களா என்று மேலும் மேலும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அதே "தா தாவு". முகம் தெரியாத ஒருவர் கையில் தன் மூச்சைக் கொடுத்துவிட்டுப் படுப்பதா? மாரியாயி ரிக்‌ஷாக்காரனைத் திரும்பக் கூப்பிட்டாள். ஆனால் ரயிலடிக்குப் போகாமல் பிரிக்பீல்ட்ஸுக்கு விடச் சொன்னாள்.

பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸில், இராஜம்மா இருந்தாள். முன்பு தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போனவள். ஐந்து வருஷத்துக்கு முன் குடல்வால் வீங்கி அந்த மேசையில் படுத்தவள். அப்புறம் புருஷனுக்கு இன்ஜினில் கரி தள்ளும் வேலை கிடைக்க, இங்கே குடிவந்துவிட்டாள். மருந்து ஏறியபோது அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு சொன்ன ஒரு வாக்கியம் மாரியாயியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது: "தங்கச்சியக் கெணத்துல தள்ளிட்டேன்."

மயக்கத்தில் பேசியவர்களுக்குப் பேசியது எதுவும் நினைவிருப்பதில்லை. ஆனால் சொன்னது மெய்தானா என்றாவது அவர்களுக்குத் தெரியும் இல்லையா? இதுவரை அவள் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

இராஜம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ரயில் புகையில் வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. "அக்கா! நீங்களா!" என்று ஓடிவந்தவள் வயிற்றைப் பார்த்துத் தயங்கினாள்.

"புள்ள இல்லடி, கட்டி" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள் மாரியாயி. காப்பி குடித்து முடித்த பிறகு மெல்ல ஆரம்பித்தாள். "ராசம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது. ஒனக்கு ஒரு தங்கச்சி இருந்தாளா?"

"தங்கச்சியா? எனக்கு முன்னாடியும் யாருமில்ல, பின்னாடியும் யாருமில்லக்கா. ஒத்தப் பிள்ளை நான்."

"நெசமாவா?"

"இதுல என்ன பொய்? எங்கம்மா அதையே சொல்லிச் சொல்லி அழும்."

மாரியாயி நடந்ததைச் சொன்னாள். இராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்ப அஞ்சு வருசமா என்னையக் கொலைகாரின்னா நெனச்சிட்டிருந்தீங்க?"

மாரியாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆசுபத்திரிய விட்டுக் கெளம்பற அன்னைக்கு, எங் கைக்குழந்தைய எங்கிட்டக் குடுக்காம ரொம்ப நேரம் நீங்களே வச்சிருந்தீங்களே. அதுக்கா?"

"அதுக்குத்தான் தாயி. என்னைய மன்னிச்சுக்க."

இராஜம்மா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோபமாக்கும் என்று மாரியாயி நினைத்தாள். ஆனால் அவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கக்கா, அவளுக்கு ஏதாச்சும் பேரு சொன்னேனா?"

"இல்லியே."

"கேட்டிருக்கலாம்ல நீங்க. இல்லாத தங்கச்சிக்கு நான் என்ன பேரு வச்சிருப்பேன்னு தெரிஞ்சிருக்கும்."

பிற்பகல் ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் மாரியாயிக்கு இதே யோசனை. இல்லாத ஒருத்தியைத் தள்ளிவிட்டு அழுதிருக்கிறாள். அப்படியானால் மற்றதெல்லாம்? பன்னிரண்டு வருஷமாக அவள் கட்டிக் காத்தது ரகசியங்களே இல்லையோ?

ஒன்றை வைத்து முடிவு கட்ட அவள் தயாராக இல்லை. கிள்ளானில் இறங்கி, பாசார் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த கௌஸ் துணிக்கடைக்குப் போனாள். கௌஸ் இந்தியாவில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். முன்பு தோட்டம் தோட்டமாகத் துணி மூட்டை கொண்டுவந்து விற்றவர். அவர் மனைவி அமீனா பீவிக்கு மூன்று வருஷத்துக்கு முன் கழுத்துக் கட்டி ஒன்றை இந்த டாக்டர்தான் எடுத்தார். பீவி அன்றைக்கு மயக்கத்தில், கடிதங்களை அடுப்பில் போட்டதாகச் சொல்லியிருந்தாள்.

கடையின் பின்கட்டில் மாரியாயியைப் பார்த்ததும் அமீனா பீவி எழுந்து கதவைச் சாத்தினாள்.

"நீங்க எப்பவாச்சும் வருவீங்கன்னு எனக்குத் தெரியும் ஆயாம்மா. நான் என்னமோ சொல்லிட்டேன், அப்படித்தானே?"

"ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா கண்ண முழிச்சப்ப நீங்க என்னைப் பாத்த பார்வை மறக்கல. பரிதாபப்பட்டீங்க. எதுக்குன்னு யோசிச்சேன். என்கிட்ட இருந்தது அந்த ஒரு விஷயந்தான்."

ஊரிலே கௌஸுக்கு முதல் மனைவி இருந்தாள். அவள் எழுதிய இரண்டு கடிதங்களை அமீனா பீவி அவர் கண்ணில் படாமல் எரித்திருந்தாள். அது மெய். "மூணாவது காகிதம் வந்தப்ப, ஆயாம்மாவுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே, இனி ஒளிச்சு என்னன்னு அவர் கையிலேயே குடுத்துட்டேன். இப்ப மாசாமாசம் அங்கேயும் எழுதறார். நான் செத்துடல" என்றாள்.

மாரியாயிக்கு வியப்பு அடங்கவில்லை. வாயைப் பூட்டிவைத்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். முகம் பேசியிருக்கிறது!

ஆக, ஒருத்தி சொன்னது பொய், ஒருத்தி சொன்னது மெய். சொன்னவர்களைத் தேடிப்போய்க் கேட்டால்தான் எது எதுவென்று தெரிகிறது. பக்கத்தில் நின்று கேட்பவருக்கு அதைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அப்படியானால் தான் எதை உளறினால்தான் என்ன, தனலெட்சுமி ஊரெல்லாம் சொன்னால்தான் என்ன? "அது அத்தனையும் மருந்து பேசினது" என்று சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரிக்கு நடந்து திரும்புகையில் அந்த இரண்டாவது பயம் அவளை விட்டு முக்கால்வாசி இறங்கியிருந்தது.

முதல் பயம் அப்படியே இருந்தது. மறுநாள் மருந்தறையில் கார்த்திகேசு தனியாக இருந்த நேரம் பார்த்து உள்ளே போனாள்.

"அய்யா, கன்னையாவுக்கு என்ன ஆச்சு?"

கார்த்திகேசு கையிலிருந்த சீசாவை மெல்லக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மையைச் சொல்லட்டே? எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஒரு சொட்டும் கூடுதலா விடேல்லை. அண்டைக்கும் எண்ணி எண்ணித்தான் விட்டனான். சிலபேருக்கு மயக்கம் பிடிக்கிறதுக்கு முதலே இருதயம் நிண்டு போகுமாம். நல்லாப் பயந்துபோய்ப் படுக்கிற ஆக்களுக்கு அது கூடுதலா நடக்குதாம் எண்டு டாக்டர் சொன்னவர்."

"பயந்தா ஆபத்துங்கறீங்களா?"

"ஓம்."

மாரியாயி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது பயத்தைப் பார்த்தே பயப்பட வேண்டியதாயிற்று.

"ரெண்டு மாசம் அந்தச் சீசாவை என்னாலை தொட ஏலாமல் இருந்தது" என்றார் கார்த்திகேசு. "டாக்டர்தான் ஏசிப்போட்டுத் திரும்பக் கையிலை தந்தவர். அதுக்குப் பிறகு நான் முதலிலை குளோரோபாம் விடுறதில்லை. ஈதர்தான். மணம் சரியில்லை, இருமல் வரும், நேரமும் பிடிக்கும். ஆனால் இருதயத்துக்கு அவ்வளவு கேடில்லை. நீர் கவனிக்கேல்லையே?"

நாற்றம் மாறியது அவளுக்குத் தெரியும். எண்ணிக்கை நீண்டதும் தெரியும். காரணம் இதுவென்று தெரியாது.

"நானூத்துச் சொச்சம் பேருக்கு இந்தக் கையாலை குடுத்திட்டன். ஒருத்தன் எழும்பேல்லை. உமக்கு நான்தான் குடுக்கவேணும் எண்டில்லை மாரியாயி. கோலாலம்பூரிலை என்னைவிடக் கெட்டிக்காரர் இருக்கினம்."

அவர் சொன்ன விதத்தில், இவருக்கும் பயம் இருக்கிறது என்று மாரியாயிக்குப் புரிந்தது. ஏனோ அது அவளைத் தேற்றியது. ஒரு சாவை மறக்காதவர் கை, எதுவும் தெரியாத புதுக் கையைவிட மேல் என்று பட்டது.

"நீங்களே குடுங்க. ஆனா ஒண்ணு. ஒரு நாளைக்குச் சும்மா அந்த மேசையில படுக்கணும் எனக்கு. மருந்து வேணாம்."

சனிக்கிழமை காலையில் அறை காலியாக இருந்தது. மாரியாயி மேசையில் ஏறி மல்லாந்து படுத்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த அறையில் நின்றிருக்கிறாள், ஒரு தடவைகூட மேலே பார்த்ததில்லை. உத்தரத்தில் கறுப்பாக ஒட்டடை தொங்கியது. நடுவில் ஒரு குளவிக் கூடு. நானூறு பேரும் கண்ணை மூடுமுன் கடைசியாகப் பார்த்தது இதையா!

"மொதல்ல இந்த ஒட்டடைய அடிக்கணும்" என்றாள்.

"அடிப்பம். இப்ப மூச்சை விடும்" என்றபடி கார்த்திகேசு வெறும் மூடியை மூக்கின்மேல் வைத்தார். உடனே தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி படுத்தாள். இந்தத் தடவை பத்து மூச்சு தாங்கினாள். துணிக்குள்ளே அவள் மூச்சே அவளுக்குச் சூடாகத் திரும்பி வந்தது. துணி இழைகளின் இடைவெளி வழியே ஜன்னல் வெளிச்சம் பொடிப் பொடியாகத் தெரிந்தது. சவுக்காரம் மணத்தது, அவளே போட்ட சவுக்காரம். ஞாயிறன்று முப்பது மூச்சு. திங்களன்று கார்த்திகேசு துணியில் ஒரே ஒரு சொட்டு ஈதர் விட்டார்.

"எப்பிடி இருக்கு?"

"இனிப்பா இருக்கு. கெட்ட இனிப்பு" என்று இருமினாள் மாரியாயி.

அந்த வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் அவள் செய்த ஒரு காரியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. தனலெட்சுமியைக் கூப்பிட்டு, "நீதான் எங் கையப் புடிச்சுக்கணும். நான் என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை விடாமக் கேட்டு வச்சுக்க. முழிச்சதும் அப்படியே எங்கிட்ட சொல்லணும்" என்றாள். தனலெட்சுமிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்டதைச் சொல்வதே வேலையாகக் கிடைத்தது.

வெள்ளி காலை மழை பெய்து விட்டிருந்தது. உத்தரம் சுத்தமாக இருந்தது. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. வயிற்றுக்குள் அது கிடந்தது. ஆனால் அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது: இன்றைக்குப் பார்த்துவிடலாம், எங்கே போகிறோம் என்று.

மூடி வந்தது. கெட்ட இனிப்பு வந்தது. "ஒண்ணு" என்றாள். பத்தில் இருமினாள். பதினெட்டில் காதுக்குள்ளே வண்டு பறந்தது. ரயில் என்று ஒருத்தி சொன்னது இதைத்தானா என்று நினைத்துக்கொண்டாள். இருபத்தெட்டு சொன்னாள். இருபத்தொன்பதையும் சொன்னாள். தனலெட்சுமியின் கை பஞ்சு மாதிரி ஆயிற்று. முப்பத்தாறு சொன்னது ஞாபகம் இருக்கிறது. எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். முப்பத்தேழைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

தொண்டை எரிந்தது.

"மருந்து ஏறல அய்யா, இன்னுங் கொஞ்சம் விடுங்க" என்றாள்.

"எல்லாம் முடிஞ்சுது மாரியாயி" என்றது கார்த்திகேசுவின் குரல். "முடிஞ்சு ரெண்டு மணித்தியாலம் ஆச்சு."

அவள் நம்பவில்லை. தலையைத் திருப்பினாள். இது ஆப்பரேஷன் அறை அல்ல, பெண்கள் வார்டு. வயிறு தட்டையாக, இறுக்கிக் கட்டியிருந்தது. அப்புறம்தான் வலி வந்தது, வாந்தியும் வந்தது. கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். வெகுநேரம் துடைத்தார்.

சாயங்காலம் தனலெட்சுமி கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"மொதல்ல கொசுவலை ஏன் கட்டலன்னு என்னையத் திட்டுனீங்க. அப்புறம், நாலாங் கட்டிலுக்குக் கஞ்சி ஊத்தலன்னீங்க. அப்புறம் ஒரே வார்த்தைதான் திருப்பித் திருப்பி. 'எண்ணுப்பா, எண்ணு. இருவத்தொம்போது சொல்லு. இருவத்தொம்போதுதான், சொல்லிரு'ன்னு. யாருக்கா அது? நீங்கதான் இருவத்தொம்போது சொல்லிட்டீங்களே?"

வார்டின் அந்தக் கோடியில் நின்ற கார்த்திகேசு வெளியே போய்விட்டார்.

மற்றவர்களுடைய ரகசியம் ஒன்றுகூட வரவில்லை. வந்தது அவளுடையது. தன்னிடம் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

எங்கே போனாள், என்ன பார்த்தாள்? அதைத்தான் படுத்த படுக்கையாகக் கிடந்த பதினைந்து நாளும் யோசித்தாள். எதையும் பார்க்கவில்லை. இருட்டையும்கூடப் பார்க்கவில்லை. இருட்டென்றால் அது இருட்டு என்றாவது தெரியுமே. ஒரு காலைப்பொழுதை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டு, மிச்ச இரண்டு நுனியையும் தையல் தெரியாமல் ஒட்டிவிட்டது போல இருந்தது. "ஒண்ணுமில்ல ஆயா" என்று சொன்னவர்கள் யாரும் மறைக்கவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதே அறையில் கை பிடித்தாள். வெட்ட வேண்டியவர்களை முந்தின நாளே கூட்டிவந்து, மேசையில் படுக்கவைத்து, வெறும் மூடியை அவர்கள் கையாலேயே மூக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வது அவள் ஏற்படுத்திய வழக்கம். டாக்டர் முதலில் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார்.

ஆனால் அந்தக் கட்டியின் கதையைச் சொல்லாமல் விட்டேனே.

தையல் பிரித்த அன்று, அதைப் பார்க்க வேண்டும் என்று மாரியாயி பிடிவாதம் பிடித்தாள். டாக்டருக்கே அதை யாரிடமாவது காட்ட ஆசை போல. பெரிய கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தார். நாலு ராத்தல் எடை. அதைத் திறந்து பார்த்திருந்தார்கள். உள்ளே கொழுப்புக்கு நடுவில் ஒரு பிடி கறுப்புத் தலைமயிர். அதன் பக்கத்தில் மூன்று பற்கள்.

தனலெட்சுமி அலறிக்கொண்டு ஓடினாள். அன்று மத்தியானமே லயத்துக்கு லயம் பேச்சு: மாரியாயி வயிற்றில் பேய்க்குழந்தை, இல்லை, யாரோ வைத்த சூனியம்.

"பிள்ளையுமில்லை, பேயுமில்லை" என்றார் கார்த்திகேசு. "சில பொம்பிளையளுக்குப் பிறக்கேக்கையே உள்ளை ஒரு விதை தங்கிவிடும். அது வழி தெரியாமல் மயிரையும் பல்லையும் முளைக்க வைச்சுக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்."

மாரியாயி ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தன்னோடு கூடவே வந்து, கப்பலேறி, காய்ச்சலில் படுத்து, தனக்குத் தெரியாமலே பல் முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"பல்லு என்னோடதவிட நல்லா இருக்கே" என்றாள்.

சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட அனுப்பலாமா என்று டாக்டர் கேட்டார். தாராளமாக அனுப்பச் சொன்னாள். பெயர் எழுத வேண்டாம் என்பாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளோ, பெயரை எழுதத்தான் வேண்டும் என்றாள். கார்த்திகேசு ஒட்டுத்தாளில் 'மாரியாயி, கிள்ளான்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டினார்.

வைக்கோல் வைத்து அடைத்த பெட்டியில் அது கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போனது. உடம்பு குலுங்கக்கூடாது என்று சொல்லியிருந்தும் மாரியாயி கூடவே வண்டியில் வந்துவிட்டாள். போர்ட்டர் இரண்டு பேர் பெட்டியைச் சரக்கு வண்டியில் எறியப்போனார்கள்.

"ஏம்பா, மெதுவா, மெதுவா!" என்று கத்தினாள் அவள். "உள்ள கண்ணாடி இருக்கு. சிங்கப்பூர் போற சாமான்."